பி.எட். முடித்தால் ஒன்றாம் வகுப்புக்குப் போகலாமா?

இந்தக் கல்வியாண்டில் இப்படி வந்தவர்களில் அவர் ஏழாவது ஆள். கணிதப் பட்டதாரி. சென்னையில் ஐந்து வருடம் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று வேலையை விட்டிருக்கிறார். சேமிப்பைக் கரைத்து இரண்டு வருடம் பி.எட். படித்து முடித்துவிட்டு, "டெட் முதல் தாளுக்கு எப்படிப் படிக்கணும் மேடம்?" என்று கேட்டு வந்தார். டெட் என்பது ஆசிரியர் தகுதித் தேர்வு, அதன் முதல் தாள் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை எடுப்பவர்களுக்கானது. அந்த பி.எட். தொடக்கப் பள்ளிக்குச் செல்லாது என்பதை நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சேரும்போது ஒருவர்கூடச் சொல்லவில்லையாம். ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். இனியும் இதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை எடுப்பவர் இடைநிலை ஆசிரியர். அதற்கான படிப்பு, பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு ஆண்டு தொடக்கக் கல்வி பட்டயம். பழைய வழக்கத்தில் 'டீச்சர் டிரெய்னிங்'. பி.எட். ஆறாம் வகுப்பிலிருந்து மேலே. 2018-இல் பி.எட். முடித்தவர்களும் தொடக்க வகுப்புக்கு வரலாம், பணியில் சேர்ந்தபின் ஆறு மாத இணைப்புப் பயிற்சி போதும் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அறிவித்தது உண்மை. 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்துவிட்டது. அந்தத் தேதிக்கு முன் பணியில் சேர்ந்தவர்களுக்காகத்தான் இப்போதைய ஆறு மாதப் பயிற்சி. புதிதாக வருபவருக்கு "ஆறு மாசம் படிச்சா போதும்" என்று யாராவது கட்டணம் கேட்டால், தயவுசெய்து எழுந்து வந்துவிடுங்கள்.

"பி.எட். பெரிய படிப்புதானே, பெரிய படிப்பு படித்தவர் சின்ன வகுப்பு எடுக்கக்கூடாதா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இந்தக் கேள்வியில்தான். 'கெ' என்று எழுதச் சொன்னால் பிள்ளை முதலில் 'க' எழுதிவிட்டு அதன் பின்னால் கொம்பு போடும். அதன் காதில் முதலில் விழுவது 'க்' ஒலிதானே. கொம்பை முன்னால் போட வேண்டும் என்பது நமக்குக் கண் பழக்கம், அதற்கு இன்னும் புதிர். 52-இல் 38 போனால் 26 என்று ஒரு வகுப்பில் பாதிப் பிள்ளைகள் எழுதும். எட்டிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டது, அவ்வளவுதான். "கடன் வாங்கு" என்று பத்து முறை சத்தம் போட்டாலும் அது மாறாது. பத்துப் பத்தாகக் குச்சிகளைக் கட்டிக் கையில் கொடுத்து, ஒரு கட்டைப் பிரிக்க வைத்தால்தான் பிள்ளைக்குப் பிடிபடும். இதற்கு உயர்கணிதம் உதவாது. குழந்தை எப்படி யோசித்து அந்தத் தவறுக்கு வந்தது என்று பார்க்கத் தெரிய வேண்டும். அதைத்தான் பட்டயப் படிப்பில் இரண்டு வருடம், பள்ளிக்கு நேரில் அனுப்பியும் பழக்குகிறோம். ஒன்றாம் வகுப்பில் தவறவிட்ட வாசிப்பு ஐந்தாம் வகுப்பிலும் பிள்ளையைத் துரத்தும். 2022-இல் தொடக்க வகுப்புப் பிள்ளைகளின் அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமாக 'எண்ணும் எழுத்தும்' என்ற தமிழக அரசுத் திட்டம் வந்ததும், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிப்பதும் இதனால்தான்.

சரி, வேலையை விட நினைப்பவர்களுக்கு. முதலில் வேலையை விடாதீர்கள். ஊரில் உள்ள தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டு ஒரு வாரம் போய் உட்காருங்கள். ஈராசிரியர் பள்ளியாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரே அறையில் மூன்று வகுப்பை ஒருவர் எப்படி நடத்துகிறார் என்று பார்த்த பிறகும் ஆசை இருந்தால் அடுத்ததை யோசிக்கலாம். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பாருங்கள், பட்டப் படிப்பு மதிப்பெண் இங்கே கணக்கில் வராது. சேர்க்கைக்கு வயது வரம்பு உண்டு, அறிவிப்பில் அதை முதலில் படியுங்கள். வெளிமாநிலத்திலிருந்து "வகுப்புக்கே வர வேண்டாம், பரீட்சை மட்டும் எழுதுங்கள்" என்று அழைப்பவர்களிடம் அசல் சான்றிதழைக் கொடுத்துவிட்டு என்னிடம் அழுதவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம், டெட் தேர்ச்சி என்பது வேலை உத்தரவு அல்ல. 150-க்கு 90 எடுத்தாலும் அது தகுதி மட்டுமே. 2018 அரசாணைக்குப் பிறகு அரசுப் பள்ளி நியமனத்துக்குத் தனியாகப் போட்டித் தேர்வு இருக்கிறது. அது வரும்வரை வீட்டுச் செலவுக்கு என்ன வழி என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். தனியார் தொடக்கப் பள்ளிச் சம்பளத்தை மென்பொருள் சம்பளத்தோடு ஒப்பிடவே முடியாது, அதையும் சேர்த்துப் பேசுங்கள்.

வந்தவரிடம், பி.எட். வீணாகவில்லை, இரண்டாம் தாள் எழுதுங்கள், ஆறாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சராகப் போகலாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்குச் சின்னப் பிள்ளைங்கதான் மேடம் வேணும்" என்றார். அருகில் உள்ள பள்ளியில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறேன். அதற்குப் பிறகும் இதையே சொன்னால், பட்டயச் சேர்க்கை அறிவிப்பு வரும்போது பிளஸ் டூ சான்றிதழோடு வரச் சொல்லியிருக்கிறேன்.