மூதூர் எவ்வளவு தூரம்?

திருகோணமலை டவுனிலிருந்து மூதூர் எவ்வளவு தூரம் என்று கேட்டால் மூன்று பதில் சொல்லலாம், மூன்றும் சரிதான். இரண்டுக்கும் நடுவே கிடக்கும் கொட்டியாரக் குடாவுக்கு மேலாக நேர்கோடு போட்டால் 12, 13 கிலோமீற்றர். ரோட்டால் போனால் சீனக்குடா, வெள்ளைமணல், கிண்ணியா என்று குடாவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், நேர்கோட்டைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வந்துவிடும். மூன்றாவது பதில் நேரக் கணக்கு. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான், ஏனென்றால் முதல் தூரம் மாறவே மாறாது, இரண்டாவதும் பெரிதாக மாறவில்லை, மூன்றாவது மட்டும் 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு முற்றாக மாறிப்போனது.

ஆட்கள் எங்கே குடியிருக்கிறார்கள், ஏன் அங்கே, எதைத் தேடி எங்கே போய்வருகிறார்கள், போய்வர எவ்வளவு நேரமும் காசும் செலவாகிறது என்று கேட்பதுதான் மானிடப் புவியியல். இந்தக் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரு தேசப்படத்தை வைத்துக்கொண்டே பதில் தேடலாம். பள்ளிக்கூடத்தில் குறியீடுகளைப் பாடமாக்கி, பரீட்சையோடு படத்தைச் சுருட்டி வைத்துவிடுகிறோம், அது பெரிய நட்டம்.

முதலில் அளவுத்திட்டம், அதைப் பிடிக்காமல் மேலே போக முடியாது. நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 இடவிளக்கப்படத்தை (மேடு பள்ளம், ஆறு, ரோடு, ஊர் எல்லாம் காட்டும் தேசப்படம்) எடுங்கள். முழு இலங்கைக்கும் 92 தாள்கள், ஒவ்வொரு தாளிலும் 40 கிலோமீற்றருக்கு 25 கிலோமீற்றர் பரப்பு அடங்கும். 1:50,000 என்றால் படத்தில் 1 சென்ரிமீற்றர் தரையில் 50,000 சென்ரிமீற்றர், அதாவது 500 மீற்றர். ஆக 2 சென்ரிமீற்றருக்கு ஒரு கிலோமீற்றர். டவுனுக்கும் மூதூருக்கும் நடுவே அடிமட்டம் வைத்தால் 25 சென்ரிமீற்றர் அளவில் வரும் (பக்கத்துத் தாளையும் சேர்த்து வைக்க வேண்டி வரலாம்). ரோட்டை அடிமட்டத்தால் அளக்க முடியாது, அதற்குத் தையல் நூல்தான் சரி. நூலை இலேசாக நனைத்துக்கொள்ளுங்கள், நனைந்த நூல் வளைவோடு படிந்து கிடக்கும், காய்ந்த நூல் துள்ளிக்கொண்டு வெளியே வரும். ஒரு நுனியை பஸ் நிலையத்தில் பிடித்து ரோட்டு வழியே படிய விட்டுக்கொண்டு போய், மூதூரில் நகத்தால் கிள்ளி அடையாளம் வைத்து, நூலை நேராக்கி அளந்து இரண்டால் வகுத்தால் கிலோமீற்றர் கிடைத்துவிடும்.

இங்கே நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 1:10,000 பெரிய அளவுத்திட்டமா, 1:500,000 பெரிய அளவுத்திட்டமா? பின்னமாக யோசியுங்கள், பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் பெரியது. அதில் ஒழுங்கைகள்கூடத் தெரியும். 1:500,000 படத்தில் டவுனும் மூதூரும் இரண்டரைச் சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு புள்ளி, நடுவிலுள்ள ஆற்று வாய்களும் பாலங்களும் இருந்த இடமே தெரியாது. உள்துறைமுகத்தின் சின்னச் சின்னக் குடாக்கள் எல்லாம் வழித்துத் துடைத்ததுபோல் போய்விடும். படம் வரைகிறவர் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும், எதை விட்டார் என்பதை அளவுத்திட்டத்தைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம்.

சரி, ரோடு ஏன் இப்படிச் சுற்றுகிறது? அதற்கு சமவுயரக் கோடுகளைப் பார்க்க வேண்டும். ஒரே உயரத்திலுள்ள இடங்களைத் தொடுத்துப் போகும் கோடுகள் இவை. நெருக்கமாக இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சாய்வு குறைவு. குடாவின் வடக்குக் கரையில், கோணேசர் கோயில் நிற்கும் பாறைப் பக்கமும் துறைமுக வாயிலிலுள்ள ஒஸ்டன்பேர்க் கோட்டை மேட்டுப் பக்கமும், கோடுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். தெற்குக் கரையில் கோடு கண்ணில் படுவதே அரிது, கிட்டத்தட்ட மட்டமான நிலம். காரணம் மகாவலி. 335 கிலோமீற்றர் ஓடி வந்து, மலைநாட்டு வண்டலைக் கொட்டி, கிளை கிளையாகப் பிரிந்து கடலில் விழுகிறது. அதனால்தான் கிண்ணியா தாண்டியதும் உப்பாறு, கங்கை (மகாவலியைத்தான் இங்கே அப்படிச் சொல்வது), இறால்குழி என்று ஒன்றன்பின் ஒன்றாக நீரைக் கடக்க வேண்டியிருக்கிறது. வண்டல் நிலம் என்பதால் அந்தப் பக்கம் வயல், ஆழமும் மலை மறைப்பும் இருப்பதால் இந்தப் பக்கம் துறைமுகம், கோட்டை, டவுன். யார் எந்தத் தொழில் செய்கிறார் என்பதில் பாதியை அந்தக் கோடுகளே சொல்லிவிடுகின்றன. ஒரு விஷயம், கடலுக்கடியில் இருப்பதை இந்தப் படம் காட்டாது. கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே தலை நீட்டும் மிகப் பெரிய கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று உண்டு, அதைப் பார்க்க மாலுமிகளின் கடல் வரைபடம் வேண்டும். அதிலோ தரைப்பக்கம் அநேகமாக வெறுமையாக இருக்கும்.

இவ்வளவு நல்ல துறைமுகம் இருந்தும் நாட்டின் முதல் துறைமுகம் ஏன் கொழும்பு? இந்தக் கேள்வி நம் ஊரில் சலிக்காமல் கேட்கப்படுவது. மானிடப் புவியியலில் இதற்கு இரண்டு கருத்துகள் வேண்டும். ஒன்று, ஓர் இடம் தன்னளவில் எப்படி இருக்கிறது என்பது: ஆழம், காற்று மறைப்பு, நிலம், நீர். மற்றது, அந்த இடம் மற்ற இடங்களோடு எப்படித் தொடர்புபட்டிருக்கிறது என்பது: ரோடு, ரயில், சந்தை, பின்னிலம் (துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் உள்நாட்டுப் பகுதி). முதலாவதில் திருகோணமலைக்கு நிகர் இல்லை. கொழும்பு அப்போது காற்றுக்குத் திறந்து கிடந்த இடம், அலைதடுப்புச் சுவர் கட்ட 1875இல் தொடங்கி 1885 வரை பிடித்தது. ஆனால் கோப்பியும் தேயிலையும் விளைந்த மலைநாட்டிலிருந்து கொழும்புக்கு 1867இலேயே ரயில் ஓடியது, திருகோணமலைக்கு ரயில் வந்தது 1927இல். வணிகக் கப்பலுக்கு ஆழத்தைவிட ஏற்றச் சரக்குதான் முக்கியம். போர்க்கப்பலுக்கு அது தேவையில்லை, ஒதுங்கி நிற்க ஆழமான, மறைவான நீர் போதும். அதனால் பிரித்தானியக் கடற்படை 1957 வரை இங்கே இருந்தது, 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட வந்ததும் அதற்காகத்தான். இயற்கை கொடுத்ததை மட்டும் பார்த்து ஓர் ஊரின் எதிர்காலத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இனி அந்த மூன்றாவது தூரம். பாலம் வருவதற்கு முன் கிண்ணியாவில் பாதை ஓடியது, அதாவது வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு அக்கரை போகும் மிதவை. கிண்ணியாவில் நீரின் அகலம் சில நூறு மீற்றர்தான், பாலமே 396 மீற்றர். ஆனால் பாதை அக்கரையில் நின்றால் காத்திருக்க வேண்டும், வரிசை நீளமானால் இன்னும் காத்திருக்க வேண்டும், இரவில் என்றால் கேட்கவே வேண்டாம். நோயாளியை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறவருக்கு அந்தச் சில நூறு மீற்றர் பல கிலோமீற்றருக்குச் சமம். மூதூர்க்காரர் இன்னும் சில துறைகளைக் கடக்க வேண்டும், இல்லையென்றால் லோஞ்சில் குடாவைக் கடக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் கந்தளாயைச் சுற்ற வேண்டும்.

இதைப் படமாக்க ஒரு வழி இருக்கிறது. ஒரே உயரத்தைத் தொடுத்தால் சமவுயரக் கோடு வருவதுபோல, ஓர் இடத்திலிருந்து ஒரே நேரத்தில் போய்ச் சேரக்கூடிய இடங்களைத் தொடுத்தால் சமநேரக் கோடு வரும். டவுன் ஆஸ்பத்திரியை நடுவில் வைத்து அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி என்று வரைந்து பாருங்கள். 2009க்கு முந்திய படத்தில் கோடு நிலாவெளிப் பக்கமும் கந்தளாய்ப் பக்கமும் ரோட்டோடு நீண்டு ஓடும், கிண்ணியாத் துறையில் வந்து நெருங்கிச் சுவர்போல நின்றுவிடும். பாலம் வந்து, அதற்குப் பின் மற்ற ஆற்று வாய்களிலும் பாலங்கள் வந்த பிறகு அதே கோடு மூதூர் வரை தாவும். கரை அசையவில்லை, ஆறு அசையவில்லை, ஆனால் எந்த டியூசனுக்குப் பிள்ளையை அனுப்பலாம், எந்தச் சந்தைக்கு மீன் கொண்டு போகலாம், தினமும் போய்வந்து எந்த வேலை செய்யலாம் என்பதெல்லாம் மாறியது. கிட்ட இருப்பவை ஒன்றோடொன்று அதிகம் தொடர்புபடும் என்று 1970இல் வால்டோ டொப்லர் என்ற புவியியலாளர் எழுதியது இன்றும் அந்தத் துறையின் முதல் விதியாகச் சொல்லப்படுகிறது. அந்தக் 'கிட்ட'வை கிலோமீற்றரால் அளப்பதா, நிமிடத்தால் அளப்பதா என்று கேட்டால் கிண்ணியாக்காரர் யாரும் பதில் சொல்லிவிடுவார்.

மக்கள் அடர்த்தி போன்ற கணக்குகளை நிறம் தீட்டிக் காட்டும் படங்களைப் பார்க்கும்போது கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டில் திருகோணமலை மாவட்ட மக்கள்தொகை 379,541. நிலப்பரப்பு 2,529 சதுரக் கிலோமீற்றர். வகுத்தால் சதுரக் கிலோமீற்றருக்கு 150 பேர். மாவட்டம் முழுவதையும் ஒரே இளநிறத்தில் தீட்டிவிட்டால் எல்லா இடமும் ஒரே சீராக, ஆளரவம் குறைந்த மாதிரித் தெரியும். உண்மையில் கிண்ணியாவிலும் டவுனிலும் வீட்டுக்கு வீடு மதிலைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, கோமரன்கடவலப் பக்கம் காடு. அதே கணக்கைப் பிரதேச செயலகப் பிரிவு வாரியாகப் போட்டால் ஒரு படம், அதைவிடச் சிறிய கிராம சேவகர் பிரிவு வாரியாகப் போட்டால் வேறொரு படம். எல்லைக்கோட்டை நகர்த்தினால் நிறமும் மாறும், ஒரு ஆள்கூட வீடு மாறியிருக்க மாட்டார். எந்த அலகில் கணக்கெடுத்தார்கள் என்று பார்க்காமல் அந்த மாதிரிப் படத்தை நம்பக் கூடாது, இன விகிதம் காட்டும் படங்களுக்கு இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும்.

அப்புறம் பருவம். மே தொடங்கித் தென்மேல் பருவக்காற்றில் மேற்குக் கரைக் கடல் கொந்தளிக்கும்போது இங்கே கடல் அமைதி, அப்போது நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் வந்து குச்சவெளிக் கரையோரமாக வாடி (தற்காலிகக் கொட்டில்) போட்டுத் தங்குவார்கள். வாடைக்காற்று தொடங்குமுன் கிளம்பிவிடுவார்கள். மாதக்கணக்காக ஆட்கள் சமைத்து, வலை பொத்தி, உறங்கும் அந்தக் குடியிருப்பு இடவிளக்கப்படத்தில் பெரும்பாலும் இருக்காது, ஏனென்றால் படம் நிரந்தரமானதைத்தான் குறிக்கிறது. சமநேரக் கோடும் அப்படித்தான், டிசம்பர், ஜனவரியில் மகாவலி பெருகி வெருகல் பக்கம் ரோட்டில் தண்ணீர் ஏறினால் ஜூலையில் வரைந்த கோடு உதவாது. அதனால் வரைகிறவர்கள் ஓரத்தில் மாதத்தையும் எழுதிவிடுங்கள், முடிந்தால் மாரிக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று என்று இரண்டாகவே வரையுங்கள்.