மாட்ரிட்டின் இரண்டு வெண்கலக் குதிரைகள்

மாட்ரிட் நகரின் பிளாசா மேயர் சதுக்கத்தில் எந்நேரமும் கூட்டம்தான். நடுவில் குதிரை மேல் மூன்றாம் பிலிப் மன்னர். படமெடுப்பவர்கள் மன்னரை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பார்க்க வேண்டியது குதிரையின் வாயை. இப்போது மூடியிருக்கும் அந்த வாய் ஒருகாலத்தில் திறந்திருந்தது. அதன் வழியாக உள்ளே போன குருவிகள் வெளியே வர வழி தெரியாமல் வயிற்றுக்குள்ளேயே செத்துப்போயின. 1931-இல் முடியாட்சி போய்க் குடியரசு வந்த சமயத்தில் யாரோ சிலைக்கு வெடி வைக்க, சேர்ந்து கிடந்த எலும்பெல்லாம் சதுக்கத்தில் சிதறியது. அதற்குப் பிறகுதான் வாயை அடைத்தார்கள்.

குருவி உள்ளே போக முடிந்தது என்றால், குதிரையின் வயிறு வெறும் கூடு. பெரிய வெண்கலச் சிலைகள் பெரும்பாலும் அப்படித்தான். சுவாமிமலை ஸ்தபதிகள் விக்கிரகங்களை முழுக்க உலோகமாகவே கனமாக வார்ப்பார்கள். அந்த அளவுக்கு அது சரிவரும். ஆளை விடப் பெரிய குதிரையை அப்படி வார்த்தால் உலோகச் செலவு ஒரு பக்கம் இருக்கட்டும், தடித்த பகுதி மெதுவாகவும் மெல்லிய பகுதி வேகமாகவும் ஆறும்போது ஏற்றத்தாழ்வாகச் சுருங்கி விரிசல் விடும். அதனால் முதலில் களிமண்ணில் ஒரு கரு. அதன் மேல் மெழுகுப் படலம். அதற்கும் மேலே வெளி அச்சு. கரு நகராமலிருக்க உலோக ஆணிகள். சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும்; அது இருந்த இடைவெளியில் ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெண்கலக் குழம்பை ஊற்றுவார்கள். மெழுகு எவ்வளவு தடிமனோ வெண்கலமும் அவ்வளவே.

இந்தக் கடைசி விஷயம்தான் அடுத்த சிலைக்குச் சாவி. பத்து நிமிடம் நடந்தால் அரண்மனைக்கு எதிரே பிளாசா டி ஓரியென்டே. அங்கே மகன் நான்காம் பிலிப். தந்தையின் குதிரை சாதுவாக ஒரு முன்னங்காலை மட்டும் தூக்கி நடக்கிறது. மகனுடையது இரு முன்னங்கால்களையும் காற்றில் வீசி எழுகிறது. பெரிய வெண்கலச் சிலைகளில் இப்படி நின்ற முதல் குதிரை இதுதான் என்பார்கள். லியோனார்டோ டா வின்சியே மிலான் நகருக்காக இப்படி ஒன்றை யோசித்துப் பார்த்துவிட்டு, நடக்கும் குதிரைக்கு இறங்கி வந்தார். அதற்கு ஒதுக்கிய வெண்கலமும் பீரங்கிக்குப் போய்விட்டது.

எழும் குதிரையில் அப்படி என்ன சிக்கல்? சிலையின் ஈர்ப்பு மையத்திலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த நூல் கால்கள் ஊன்றிய பரப்புக்குள் விழுந்தால் சிலை நிற்கும், வெளியே விழுந்தால் சாயும். நான்கு கால் ஊன்றிய குதிரைக்கு அந்தப் பரப்பு தாராளம். எழும் குதிரைக்கு இரண்டு குளம்பு அகலம்தான். கழுத்து, மார்பு, மன்னர் எல்லாம் அதற்கு முன்னால் நீண்டு நிற்கின்றன. உயிருள்ள குதிரை தசைகளை விடாமல் அசைத்துச் சில நொடி சமாளித்துவிட்டுக் கீழே இறங்கிவிடும். வெண்கலத்துக்கு அந்த வசதி இல்லை.

ஃபுளோரன்ஸ் சிற்பி பியெத்ரோ தாக்கா 1634 முதல் 1640 வரை இதோடு போராடினார். யோசனை சொன்னது கலிலியோ என்று வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். அப்போது அவர் ஃபுளோரன்ஸுக்குப் பக்கத்திலேயே வீட்டுக்காவலில் இருந்தார் என்பதால் நம்பக்கூடிய கதைதான். தீர்வு இதுதான்: முன்பகுதியை மெல்லிய கூடாகவும், பின்பகுதியைக் கனமாகவும் வார்ப்பது. எடை மட்டுமல்ல, அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் கணக்கு. குளம்புக்கு 2 மீட்டர் முன்னால் இருக்கும் 1 கிலோவைச் சமன்செய்ய, 1 மீட்டர் பின்னால் 2 கிலோ வேண்டும். ஆகவே மூக்கில் குறைக்கும் ஒவ்வொரு கிலோவும் பிட்டத்தில் சேர்க்கும் பல கிலோவுக்குச் சமம்.

அப்புறம், வால். சிலையைச் சுற்றிப் பின்பக்கம் போனால் தெரியும்: கீழே வளைந்து இறங்கும் வால் சத்தமில்லாமல் மூன்றாவது காலாக வேலை செய்கிறது. இரண்டு புள்ளிகள் ஒரு கோடு. மூன்றாவது சேர்ந்தால் முக்கோணம். நூல் விழ இடம் கிடைத்துவிடுகிறது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 1782-இல் திறந்த மகா பீட்டர் சிலையிலும் இதே உத்திதான். குதிரை மிதிக்கும் பாம்பு வாலைத் தொட்டு நிற்கிறது. வந்தவர்களுக்கு அது எதிரிகளின் சின்னம், சிற்பி ஃபால்கொனேவுக்கு முட்டுக்கொடுக்கும் தூண். வால் எதையும் தொடாமல் பின்னங்கால்களில் மட்டுமே நின்ற குதிரையைக் காண 1853 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாஷிங்டனில் உள்ள, அமெரிக்க அதிபராக இருந்த ஆண்ட்ரூ ஜாக்சனின் சிலை அது.

சிலையில் குதிரை இரு கால் தூக்கியிருந்தால் அதில் இருப்பவருக்குப் போரில் மரணம், ஒரு கால் என்றால் காயம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் விதியையும் இங்கேயே சோதித்துவிடலாம். நான்காம் பிலிப் 1665-இல் படுக்கையில் இறந்தார். ஒரு கால் தூக்கிய குதிரையில் இருக்கும் அவருடைய தந்தை காய்ச்சலில். ஜாக்சன் 78 வயதில் தன் வீட்டில்.