பின்னந்தலையைப் பார்க்கிறவன்

போன தை மாதம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அம்மாவுடன் என் சலூனுக்கு வந்தான். கோத்தகிரியின் தைக் குளிரில் கம்பளிக் குல்லா இல்லாத தலையைப் பார்ப்பது அரிது. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அவன் குல்லாவைக் கழற்றவில்லை. நானே மெதுவாக எடுத்தேன். பின்னந்தலையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வழவழவென்று ஒரு வட்டம். அதைச் சுற்றித் தோல் சிவந்து வெந்திருந்தது.

“புழுவெட்டு அண்ணா. சின்ன வெங்காயமும் பூண்டும் அரைத்துத் தேய்க்கிறேன்” என்றார் அம்மா.

அந்தப் பெயர்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். அங்கே புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் ஆள் தெரியாமல் மயிர்க்கால்களையே தாக்குவதால் வருவது அது. பிறருக்குத் தொற்றாது. பலருக்கு முடி தானாகவே திரும்ப முளைக்கும். பச்சைப் பூண்டைத் தேய்த்தால் தோல்தான் புண்ணாகும். அதே இடம் செதில் செதிலாக உதிர்ந்து, அரிப்போடு, முடி பாதியில் ஒடிந்து கிடந்தால் அது பூஞ்சை. அது தொற்றும், களிம்பு மட்டும் போதாது, மாத்திரையும் சாப்பிட வேண்டும். எது என்று முடிவு சொல்ல வேண்டியவர் தோல் மருத்துவர். அவரிடம் போகச் சொல்ல வேண்டியவன் நான். தன் பின்னந்தலையை யாரும் நேராகப் பார்த்ததில்லை; மாதம் ஒருமுறை அதை அரை அடி தூரத்தில் பார்க்கிறவன் நான்தானே.

பள்ளிப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று எழுதியவன் நான். அப்பாவின் கத்தரிக்கோலைச் சொல்ல வெட்கம். முடிதிருத்துகிற எங்களை ஏன் மருத்துவர் என்று அழைத்தார்கள் என்று அப்போது யோசிக்கவில்லை. கட்டியைக் கீறியவர்களும் பிரசவம் பார்த்தவர்களும் எங்கள் பாட்டன், பாட்டிமார்தான். அந்தப் பொறுப்பு இன்னும் எங்கள் கையை விட்டுப் போகவில்லை.

மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ரத்தத்துளி போதும். ஆகவே உங்கள் கண்முன்னே புது பிளேடை உறையிலிருந்து எடுத்து உடைத்துக் கத்தியில் பொருத்தச் சொல்லுங்கள். கேட்பதில் தவறே இல்லை. எனக்கு அது மரியாதைக் குறைவாகத் தோன்றியதே இல்லை. ஒரே படிகாரக் கட்டியை எல்லார் முகத்திலும் தேய்ப்பதும் கூடாது. இன்னொன்று, எங்கள் மலைக்கே உரியது: ஐப்பசி, கார்த்திகை மழையில் துவைத்த துண்டு மூன்று நாளானாலும் காயாது. ஈரத்துண்டில் படர்தாமரை பரவும். அந்த மாதங்களில் காகிதத் துண்டுதான் போடுகிறேன். செலவு கூடுதல்தான், பரவாயில்லை.

சித்திரையில் அந்தப் பையன் மறுபடி வந்தான். மருத்துவரிடம் போயிருந்தார்கள், பூண்டை நிறுத்தியாயிற்று. வட்டத்துக்குள் வெள்ளை வெள்ளையாகப் பூனைமுடி எட்டிப் பார்த்தது. முதலில் இப்படித்தான் வரும், பெரும்பாலும் பிறகு கறுத்துவிடும் என்று சொல்லி, கைக்கண்ணாடியைத் தலைக்குப் பின்னால் பிடித்தேன்.

“இன்னும் கொஞ்சம் கீழே பிடியுங்கள் மாமா” என்றான்.