பிரவுசருக்குள் ஒரு பத்தாயம்

போன ஆடியில் ஒரு நாள் காலை 9 மணி. மன்னார்குடிப் பக்கம் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அந்த மாதத்தில் டெல்டாவில் வேறென்ன பேச்சு, மேட்டூர் நீர்மட்டம்தான். 120 அடி நிரம்பினால் 93.47 டிஎம்சி என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். சித்தப்பா போனில் ஒரு அளவு. என் போனில் அதைவிட 2 அடி கூடுதல். இரண்டிலும் ஒரே தளம், ஒரே முகவரி.

“என்னடா, உன் போனுக்கு மட்டும் தனியா தண்ணி வருதா?” என்றார்.

அவர் போன் காட்டியது முந்தின நாள் அளவு. நெட் இருந்தது, தளத்திலும் கோளாறு இல்லை. போன் தளத்திடம் கேட்கவே இல்லை, அவ்வளவுதான்.

சித்தப்பா வீட்டு ரேழியில் ஒரு மரப் பத்தாயம் உண்டு. மேலே நெல்லைக் கொட்டுவார்கள். வேண்டும்போது கீழே இருக்கும் சின்னக் கதவைத் தூக்கினால் மரக்காலில் வந்து விழும். புது நெல் மேலே கிடந்தாலும் முதலில் வருவது பழசு. பிரவுசருக்கும் இப்படி ஒரு பத்தாயம் இருக்கிறது. கேஷ் என்பார்கள். ஒரு தடவை இறக்கிய பக்கத்தையும் படங்களையும் அதில் போட்டு வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை அதே முகவரிக்குப் போனால், முதலில் கையை விடுவது அங்கேதான். வேகம் கிடைக்கும், டேட்டா மிச்சம்.

எத்தனை நேரம் வரை அதை நம்பலாம்? முறையாக நடத்தும் தளம் பக்கத்தை அனுப்பும்போதே, இத்தனை நொடிக்குச் செல்லும் என்று சொல்லி அனுப்பும். பல தளங்கள் சொல்வதில்லை. அப்போது பிரவுசர் தானாக ஒரு கணக்குப் போடுகிறது: பக்கம் கடைசியாக மாறி எவ்வளவு நேரம் ஆயிற்றோ, அதில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு இது புதுசு. ரொம்ப நாளாக மாறாதது இன்னும் கொஞ்ச நேரம் மாறாது என்ற நம்பிக்கைதான். இந்தப் பத்தில் ஒரு பங்கு என்பதும் கட்டாயம் இல்லை. பிரவுசரும் தளமும் பேசிக்கொள்வதற்கான எச்டிடிபி விதிகளில் ஒரு பேச்சுக்குச் சொன்ன அளவு, அதையே பிரவுசர்கள் பிடித்துக்கொண்டன.

சித்தப்பா கதைக்கு வருவோம். தளத்தில் அளவு மாறுவது தினமும் காலை 8 மணிக்கு. அவர் பார்த்தது 7.30க்கு. பக்கம் மாறி இருபத்துமூன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அதில் பத்தில் ஒரு பங்கு 2 மணி 21 நிமிடம். ஆக 9.51 வரை அவர் போனுக்கு அதுதான் புது அளவு. இடையில் 8 மணிக்குத் தளத்தில் மாற்றிவிட்டார்கள். நான் அன்றைக்கு முதல் தடவையாகத் திறந்ததே 9 மணிக்கு. எனக்குப் புதுசு வந்தது.

கெடு முடிந்தாலும் பிரவுசர் உடனே முழுப் பக்கத்தையும் இறக்காது. “என்னிடம் இருப்பது இந்தத் தேதியுடையது, மாறிவிட்டதா?” என்று கேட்கும். மாறவில்லையென்றால் தளம் 304 என்ற எண்ணை மட்டும் அனுப்பும். ‘பக்கம் இல்லை’ என்று நாம் அடிக்கடி முட்டிக்கொள்ளும் 404க்கு அது பங்காளி. வேலை ஒழுங்காக நடப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

பக்கத்தை விரலால் கீழே இழுத்துவிட்டால் போதும், கெடு இருந்தாலும் பிரவுசர் கேட்டே ஆகும். உள்ளே இருக்கும் படங்களைச் சில பிரவுசர்கள் அப்போதும் பத்தாயத்திலிருந்தே எடுக்கும். கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எல்லாமே புதுசாக வரும்.

சித்தப்பா இழுத்துப் பார்த்தார். 2 அடி ஏறியது. “கல்லணைக்கு வர்ற தண்ணியே மேட்டூரை விட்டு மூணு நாள் ஆனதுதான். இது ரெண்டு மணி நேரம்தானே” என்றார்.

கேஷை அழிப்பதென்றால் செட்டிங்ஸில் குக்கீ என்ற கட்டத்தில் டிக் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது வேறு சரக்கு. அழித்தால் எல்லாத் தளமும் திரும்பப் பாஸ்வேர்டு கேட்கும். சித்தப்பா ஒரு தடவை எல்லாவற்றையும் சேர்த்து அழித்துவிட்டார். பாஸ்வேர்டை எழுதி வைத்திருந்தது சுவரில் மாட்டிய காலண்டரில். அது போன வருஷத்துக் காலண்டர் என்று சித்தி தையிலேயே கழற்றி அடுப்பில் போட்டிருந்தார்.