கோடை நாடகக் குழுக்களே, தொண்டைக்கு முன்னால் கால அட்டவணையைப் பாருங்கள்

நான் குரல் சிகிச்சையாளர். ஆசிரியர்களும் பாடகர்களும் என்னிடம் வருடம் முழுக்க வருவார்கள். நாடக நடிகர்களுக்கு மட்டும் ஒரு பருவம் உண்டு. கோடைக்கால நாடகங்கள் தொடங்கிச் சில வாரங்கள் ஆனதும் ஒருவர் பின் ஒருவராக வர ஆரம்பிப்பார்கள். பெரும்பாலும் சிறு குழுக்காரர்கள்: பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு கோடையில் இரண்டு மூன்று பழைய நாடகங்களை மாற்றி மாற்றிப் போடுகிறவர்கள். இன்று பழைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபோக்ளிஸ், நாளை ஷேக்ஸ்பியர். அரசனாக நடிப்பவரேதான் காலையில் அரண்மனைத் தூணுக்குப் பெயின்ட் அடிப்பவரும்.

"ராத்திரி ஷோ இருக்கு, ஏதாவது கொடுத்து ஓட்டிவிடுங்கள்" என்றுதான் பேச்சே தொடங்கும். நான் முதலில் கேட்பது அவர்களுடைய வாராந்தரக் கால அட்டவணையை. பழைய மருந்துச் சீட்டுகளைவிட அதில்தான் எனக்கு அதிகம் தெரியும்.

ஏன் என்று சொல்கிறேன். குரல் நாண்கள் என்பவை தொண்டைக்குள் அதிர்ந்து குரலை எழுப்பும் இரண்டு மடிப்புகள். பேசும்போது ஆண்களுடையவை வினாடிக்குச் சுமார் 100 முதல் 130 முறையும், பெண்களுடையது சுமார் 200 முறையும் மோதித் திறக்கின்றன. ஒரு நடிகை மாலை முழுவதிலும் சேர்த்து அரை மணி நேரம் குரல் எழுப்பினால் அதுவே 3,60,000 மோதல்கள். சத்தம் கூடக் கூட மோதலின் வேகமும் கூடும். நாண்கள் லேசாக வீங்கும். வீங்கியதை அதிரவைக்க இன்னும் அழுத்தமாகக் காற்றை விட வேண்டும். அந்த அழுத்தமே வீக்கத்தை வளர்க்கும். ஓர் இரவு நல்ல ஓய்வு கிடைத்தால் பெரும்பாலும் வடிந்துவிடும். அந்த ஓய்வுதான் கோடை அட்டவணையில் காணாமல் போகிறது.

ஒரு நடிகையின் சனிக்கிழமையைப் பாருங்கள் (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). காலையில் செட்டுக்கு மரம் அறுக்கும் இடத்தில் தூசிக்கு நடுவே வேலை, ரம்பச் சத்தத்தை மீறிப் பேச்சு. அப்புறம் சிறுவர்களுக்கு நாடகப் பயிற்சி, மைக் இல்லாமல். மதியம் ஒரு காட்சி, இரவு ஒரு காட்சி. முடிந்ததும் வாசலில் நின்று ரசிகர்களிடம் நன்றி, விசாரிப்பு, அரட்டை. பக்கத்திலேயே வண்டிகள் கிளம்பும் இரைச்சல். "மூன்றாம் அங்கத்தில் வரும் ஒப்பாரிதான் என் தொண்டையைக் கெடுக்கிறது" என்று உறுதியாக நம்பினார். அந்த ஒப்பாரி இரண்டு நிமிடம்கூட இல்லை. குரலை அதிகம் தின்றது சிறுவர் பயிற்சியும் வாசல் அரட்டையும்தான். பயிற்சி வகுப்பை ஷோ இல்லாத நாளுக்கு மாற்றினார்கள். வாசலில் நிற்கும் வேலையை அன்று நடிக்காத ஒருவரிடம் கொடுத்தார்கள். ஒப்பாரியைக் குறைக்கவில்லை. குரல் தேறியது.

திறந்தவெளி மேடைக்குத் தனிச் சிக்கல் உண்டு. அறைக்குள் பேசினால் சுவரும் கூரையும் நம் குரலைத் திருப்பித் தரும். வெளியில் அது கிடையாது. தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். நடிகருக்குத் தன் குரல் தனக்கே கேட்காது. கேட்கவில்லை என்றதும் தன்னை அறியாமல் சத்தத்தைக் கூட்டுவார். இரைச்சலுக்கு நடுவில் எல்லோரும் செய்வதுதான் இது. 1911இல் எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்ததால் லொம்பார் விளைவு என்கிறோம். "கத்தாதே" என்று நடிகரிடம் சொல்லிப் பயனில்லை. கத்துகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது.

கிரேக்கத்தின் எபிடாரஸில் கோடைதோறும் பழைய நாடகங்கள் நடக்கின்றன. அங்கே சரிவில் ஏறும் கல் வரிசைகள் நடிகருக்குத் துணை நிற்கின்றன. இங்கிலாந்தின் கார்ன்வால் கடலோரப் பாறையில் இருக்கும் மினாக் அரங்கில் காற்றும் அலையும் எதிர்க்கட்சி. நம் பூங்காப் புல்வெளி எந்த வகை என்று இடம் பார்க்கப் போகும்போதே கை தட்டிப் பாருங்கள், கடைசி வரிசையில் ஆளை உட்காரவைத்துக் கேளுங்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு சுவரோ பலகைத் தடுப்போ இருந்தாலே வித்தியாசம் தெரியும். பார்வையாளர் வரிசையைப் பத்தடி முன்னால் நகர்த்துவதற்குக் காசு செலவில்லை. சிறு குழுவில் இதை ஏனோ யாரும் யோசிப்பதில்லை.

இயக்குநர்களிடம் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. 'கிங் லியர்' புயல் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இடியை முழுச் சத்தத்தில் ஓடவிட்டு, அதற்கு மேல் கிழ அரசர் லியரைக் கத்தச் சொல்வார்கள். இடி வரிக்கு நடுவில் எதற்கு? வரி முடிந்த இடைவெளியில் இடிக்கட்டும், அடுத்த வரி தொடங்கும்போது தணியட்டும். பார்ப்பவர்களுக்குப் புயல் குறையவே குறையாது. கிரேக்க நாடகங்களில் வசதி இன்னும் அதிகம். அகமெம்னான் வெட்டுப்படும்போது அலறல் அரண்மனைக்கு உள்ளிருந்துதான் கேட்கிறது. ஈடிபஸ் கண்ணைக் குத்திக்கொள்வதும் மேடைக்கு வெளியேதான், தூதுவன் வந்து சொல்கிறான். உள்ளிருந்து வரும் அலறலை முக்கிய நடிகரே தினமும் எழுப்ப வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பதிவு செய்து வைக்கலாம், அன்று வேலை குறைந்த ஒருவர் அலறலாம்.

தொழில்நுட்ப ஒத்திகை இன்னொரு கண்ணி. விளக்கைச் சரிசெய்ய ஒரே பத்து வரியை இருபது தடவை சொல்லவைப்பார்கள். பழகிய நடிகர்கூட ஒவ்வொரு தடவையும் முழு உணர்ச்சியோடு கொட்டுவார், ரத்தத்தில் ஊறிய பழக்கம். ஓபரா பாடகர்கள் இப்படிப்பட்ட ஒத்திகையில் பாதிக் குரலில்தான் பாடுவார்கள், அதை யாரும் சோம்பேறித்தனம் என்று சொல்வதில்லை. "இன்று பாதிக் குரல் போதும்" என்று மேடை மேலாளர் காலையிலேயே அறிவித்துவிட வேண்டும்; நடிகராக வாய்விட்டுக் கேட்கமாட்டார். பாதிக் குரல் என்றால் சாதாரணமாகப் பேசும் குரல். கிசுகிசுப்பு அல்ல. கிசுகிசுக்கும்போது பலர் தொண்டையை இன்னும் இறுக்கிக்கொள்கிறார்கள்.

கைவைத்தியம் பற்றிச் சுருக்கமாக. கொப்பளிப்பதும் தேனும் தொண்டைக்கு இதம்தான், ஆனால் விழுங்கும் எதுவும் குரல் நாணைத் தொடாது; அது உணவுக்குழாய் வழியே போய்விடும். தண்ணீரும் உடம்பு வழியாகத்தான் வேலை செய்யும், அதனால் மேடையேறும் நேரத்தில் மடக்மடக்கென்று குடிப்பதைவிடக் காலையிலிருந்தே குடிப்பது நல்லது. ஆவி பிடித்தால் ஈரம் நேரே போகும். காபியைப் பற்றிப் பயமுறுத்துகிற அளவுக்குச் சான்று இல்லை. ஒவ்வாமை மாத்திரைகளில் சில வறட்சி உண்டாக்கும்.

திறந்தவெளியில் காற்றில் புகை இருந்தால், காட்சி நடத்தலாமா என்ற விவாதமே வேண்டாம். அமெரிக்காவின் ஆஷ்லாண்டில் 1935 முதல் நடக்கும் ஓரிகன் ஷேக்ஸ்பியர் விழாவில், 2018 கோடையில் காட்டுத்தீப் புகையால் பல திறந்தவெளிக் காட்சிகளை ரத்து செய்தார்கள், சிலவற்றை உள்ளரங்குக்கு மாற்றினார்கள். வருமானம் போகும் என்று தெரிந்தேதான் செய்தார்கள்.

இனி அவசர விஷயங்கள். கத்தும்போது 'பட்'டென்று குரல் போனால் குரல் நாணில் ரத்தக்கசிவாக இருக்கலாம். அந்த நொடியே பேச்சை நிறுத்துங்கள், அடுத்த காட்சிக்குப் போகாதீர்கள், ஒரு நாளுக்குள் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். ஆஸ்பிரின், இபுப்ரோஃபன் போன்றவை ரத்தக்கசிவை அதிகப்படுத்தலாம், நீங்களாகப் போடாதீர்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. ஸ்டீராய்டு ஊசி வீக்கத்தைத் தற்காலிகமாக வடிக்கும், காயத்தை ஆற்றாது. கருவியால் குரல் நாணைப் பார்க்காமல் அதைப் போட்டுக்கொண்டு மேடையேறுவது ஆபத்து. கரகரப்பு நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால் எப்படியும் பார்த்தாக வேண்டும். புகைப்பவர்கள், கழுத்தில் கட்டி, இருமலில் ரத்தம், விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் உள்ளவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம்.

"என்னைத் தவிர ஆள் இல்லையே" என்பார்கள். சிறு குழுவில் மாற்று நடிகர் இருக்கமாட்டார், அது நிஜம். ஆனால் ஒவ்வொரு பெரிய பாத்திரத்துக்கும், மேடையில் எப்போது எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்த ஒருவரைப் பருவம் தொடங்கும் முன்பே குறித்து வைக்கலாம். வசனம் மனப்பாடமாக இருக்க வேண்டியதில்லை. இன்னாருக்கு உடல்நிலை சரியில்லை, இன்று இவர் பிரதியைக் கையில் வைத்துப் படிப்பார் என்று திரை விலகும் முன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெரிய நாடகக் கம்பெனிகளே அப்படிச் செய்திருக்கின்றன. நாடகத்தின் இரண்டாம் காட்சி வருவதற்குள் அந்தத் தாளை யாரும் கவனிப்பதில்லை.