கருவண்டா, தச்சுத் தேனீயா? எந்த இனம்?

எருக்கம்பூவைச் சுற்றி ரீங்காரமிடும் கருவண்டு உண்மையில் வண்டே அல்ல, தச்சுத் தேனீ. வண்டின் முன்சிறகு ஓடுபோலக் கெட்டியாக இருக்கும். இதற்கு நான்கும் மெல்லிய சிறகுகள். வயிற்றின் மேற்புறம் மயிரின்றி, எண்ணெய் தடவியதுபோல மின்னும். காய்ந்த மரத்தில் விரல் பருமனுக்கு வட்டத் துளையும், கீழே புதிய மரத்தூளும் இருந்தால் கூடு அங்கேதான். ஆனால் துளையை மட்டும் வைத்து இனத்தைச் சொல்லிவிட முடியாது.

முதலில் ஆணா பெண்ணா என்று பாருங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். தச்சுத் தேனீக்களின் பேரினம் சைலோகோபா. அதில் மஞ்சள் மார்புள்ள சைலோகோபா எஸ்டுவான்ஸ் இனத்தில் பெண்ணுக்கு மார்பு மஞ்சள், மற்றதெல்லாம் கறுப்பு. ஆணோ உடல் முழுக்க மஞ்சள் கலந்த பச்சை. ஒரே கட்டையிலிருந்து வரும் இரண்டையும் இரு இனங்களாகக் குறித்துவிடுவார்கள். உணர்கொம்பில் பெண்ணுக்கு 12 கணு, ஆணுக்கு 13. பறக்கும்போது எண்ண முடியாது. பின்னங்காலில் மகரந்தம் சேர்க்கும் அடர்ந்த மயிர்த்தூரிகை இருந்தால் பெண். ஆணுக்குக் கொடுக்கு இல்லை.

முழுக் கறுப்பாக, 3 செ.மீ. அளவில், சிறகு வெயிலில் நீலமும் பச்சையும் ஊதாவுமாக மின்னினால் சைலோகோபா லாட்டிபெஸ் இனம் என்று நினைக்கத் தோன்றும். பொறுங்கள். அந்தப் பெயருக்கு 'அகன்ற பாதம்' என்று பொருள்; ஆணின் முன்னங்கால் பாதம் அகன்று, நீண்ட மயிரோடு இருக்கும். அது தெரிந்தால் லாட்டிபெஸ் என்பதற்கு நல்ல அடையாளம். பெண்ணோ டெனுயிஸ்காப்பா என்ற இன்னொரு இனத்தின் பெண்ணைப் போலவே இருக்கும். படத்தை மட்டும் பார்த்து இரண்டில் ஒன்றைத் துணிந்து சொல்வதைவிட, இரு பெயரையும் எழுதி வைப்பதே நேர்மை.

நிறமும் ஏமாற்றும். நிழலில் எடுத்த படத்தில் சிறகு வெறும் கறுப்பு. சில பூக்கள் மகரந்தத்தை முதுகில் கொட்டும். கறுப்பு மார்பு மஞ்சளாகிவிடும். உற்றுப் பார்த்தால் அது மயிரல்ல, பொடி. வயதான பெண்ணுக்கு மார்பு மயிர் தேய்ந்து வழுக்கை விழும். அதனால் முதுகு, முகம், கால் மூன்றையும் தனித்தனியாகப் படமெடுங்கள். நேரத்தையும் குறியுங்கள்: நிலவில்லாத இரவில் பூவுக்கு வரும் செம்பழுப்புத் தச்சுத் தேனீ டிராங்குபாரிகா இனமாக இருக்கலாம். அதன் உச்சந்தலையின் மூன்று சிறுகண்களும் வழக்கத்தைவிடப் பெரியவை. விண்மீன் வெளிச்சமே அதற்குப் போதும். 1804இல் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் இட்ட அந்தப் பெயர் நம் தரங்கம்பாடியின் (டிராங்குபார்) பெயர்தான்.