பரிவு நரம்பு

காலையில் கட்டிலைவிட்டு எழுந்தால் அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது. கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் வழக்கமாகப் போகும் கிளினிக்கில் படுக்க வைத்து ஒருமுறை, நிற்க வைத்து ஒருமுறை பிரஷர் பார்த்த டாக்டர், “சிம்பதெட்டிக் நரம்பு கொஞ்சம் லேட்டா வேலை செய்யுதும்மா” என்றார். அம்மா விடவில்லை. “நரம்புக்கு என்ன தம்பி சிம்பதி?”

நியாயமான கேள்விதான். தமிழ்ப் பாடநூல்களும் இதைப் ‘பரிவு நரம்பு’ என்றே சொல்கின்றன. ஆனால் அது செய்யும் வேலையில் பரிவு எங்கே? படுத்திருந்தவர் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால், வயிற்றுப் பக்கம் இறங்கிவிடும். கழுத்துத் தமனியிலும் இதயத்துக்கு மேலே பெருந்தமனி வளையும் இடத்திலும் இருக்கும் உணர்விகள் அழுத்தம் குறைவதை மோப்பம் பிடித்து மூளையின் அடியில் இருக்கும் முகுளத்துக்குச் சேதி அனுப்புகின்றன. உடனே பரிவு நரம்பு வழியாக ஆணை பறக்கும். ரத்தக் குழாய்கள் இறுகும், இதயம் வேகமெடுக்கும். எல்லாம் சில நொடி வேலை. வயதானாலோ, சில பிரஷர் மாத்திரைகளாலோ இது பிந்தினால் வீடு சுற்றும்.

சரி, பெயர் எப்படி வந்தது? கிரேக்கத்தில் ‘சிம்’ என்றால் உடன், ‘பாத்தோஸ்’ என்றால் உணர்வு, துன்பம். உறுப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து நோவதும் இயங்குவதும் நரம்புகளால்தான் என்று நினைத்தார் 2ஆம் நூற்றாண்டு மருத்துவர் கேலன். அந்த நினைப்பில்தான் 1732இல் பாரிஸின் உடற்கூற்றியலாளர் வின்ஸ்லோ, முதுகெலும்பின் இருபுறமும் ஓடும் நரம்புச் சங்கிலியைச் சிம்பதெட்டிக் என்றார். நினைப்பு போய்விட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது.

பரிவு என்றதும் நமக்கு இரக்கம்தான் தோன்றும். பழந்தமிழில் பரிதல் என்றால் வருந்துதலும்கூட. அப்படிப் பார்த்தால் மொழிபெயர்த்தவர் குறி தவறவில்லை. பரிதலுக்கு ஓடுதல் என்றும் பொருள் உண்டு, பரி என்றால் குதிரை. இது தற்செயல்தான், ஆனால் எழுந்ததும் நெஞ்சு அடித்துக்கொள்வதைக் கேட்டால் எனக்கு அந்தக் குதிரைதான் நினைவுக்கு வருகிறது. அம்மா இப்போது கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, “பரிவு வந்துருச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் காலை ஊன்றுகிறார்.

எனக்குக் குறை பரிவு நரம்பின் ஜோடியின் பெயரில்தான். அப்புறம் பசியாற உட்கார்ந்ததும் வாயில் எச்சில் ஊறவைத்து, குடலை முடுக்கி, இதயத்தை நிதானப்படுத்தும் நரம்புக்கு 1905இல் ஆங்கிலேய உடலியலாளர் லாங்லி ‘பாராசிம்பதெட்டிக்’ என்று பெயர் வைத்தார். ‘பாரா’ என்றால் பக்கத்தில். நாமோ ‘எதிர்ப்பரிவு’ என்று எழுதி இரண்டையும் சண்டைக்காரர்களாக்கிவிட்டோம். ‘இணைப்பரிவு’ என்று எழுதலாமே.